வலையில் கட்டிய பயணங்கள்

துறை அறையின் பீரோவை இன்று காலை திறந்தேன். அடித்தட்டில் சாக்கில் சுற்றி வைத்திருந்தோமே, நம் வலை, அதை எடுப்பதற்காக. சாக்கைப் பிரித்ததும் உப்பும் பழைய மீன் வாடையும் முகத்தில் அடித்தன. கூடவே அதில் கட்டிய இரும்பு நட்டுகளின் கிரீஸ் வாசனை. இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால், "மோந்து பாத்துகினு குந்தாத, வேலையப் பாருடி டோல்கேட்டு" என்று விரட்டியிருப்பாய். என் வீடும் அப்பாவின் ஹார்டுவேர் கடையும் டோல்கேட்டில் இருந்ததால் எனக்கு நீ வைத்த பெயர் அது. ஒரே கல்லூரியில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் என் சொந்தப் பெயரை நீ உச்சரித்து நான் கேட்டதே இல்லை.

வலையை எடுத்தது படம் பிடிக்க. நாம் இருவர் பேரிலும் ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கத்துக்கு எழுதிப் போட்டோமே, அதில் நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது உன் காரியம் முடிந்து உன் வீட்டுப் பந்தலைப் பிரித்திருந்தார்கள். அங்கேயும் இதே மாதிரி ஒன்று கட்டப் போகிறார்களாம், அதற்கு நம் வலையின் படம் வேண்டுமாம். கூடவே ஒரு கேள்வி: நேரில் வருகிறீர்களா, திரையில் பேசுகிறீர்களா? டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

 கருத்தரங்குகளுக்குப் பறந்து போவதால் எவ்வளவு புகை வானத்தில் சேர்கிறது என்று காட்டுவதற்காக நாம் கட்டிய வலை இது. இதைக் காட்டுவதற்கே நான் பாதி உலகத்தைப் பறந்து கடக்க வேண்டும் என்றால் அந்த மேடையில் எந்த முகத்தோடு நிற்பது? போகவில்லை என்றால் பதவி உயர்வு நேர்காணலில் என்ன சொல்வது? திரையில் வந்து தலையாட்டினேன் என்றா? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இல்லாததால் எழுதுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். நம் கல்லூரியில் சுற்றுச்சூழல் பற்றி ஒரு கருத்தரங்கம் நடந்தது. வாசலில் பெரிய பிளெக்ஸ், மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில். ஏசியை அப்படி வைத்திருந்தார்கள், டெல்லியிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றவே இல்லை, அதையே போர்வையாக இழுத்து இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பனி உருகுவதைப் பற்றி ஒருவர் ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் போட்டுக்கொண்டிருந்தார். நீ என் காதருகே குனிந்து, "இங்க ஏசி ஓடுற கரண்டு எங்கருந்து வருது தெரியுமா? எங்க வூட்டாண்ட கரி எரிச்சுதான் வருது. காலைல துணி காயப் போட்டா சாயங்காலம் சாம்பல் தட்டித்தான் எடுக்கணும்" என்றாய்.

நெட்டுக்குப்பத்தில் உன் வீட்டு மொட்டைமாடிக்கு நான் வந்திருக்கிறேன். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் கொடியில் உன் கல்லூரிப் புடவை. நீ விலங்கியல் துறை, முகத்துவாரத்து இறாலைப் பற்றி ஆராய்ச்சி. நான் புள்ளியியல். அன்று தேநீர் இடைவேளையில் நான் என் வழக்கப்படி, இந்தக் கருத்தரங்குக்கு வந்தவர்களின் பயணத்தை எல்லாம் கூட்டி ஒரு வரைபடமாகப் போட்டால் என்ன என்று ஆரம்பித்தேன். நீ சமோசாவை வாயில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினாய்.

"படம் காட்டினா கொட்டாவி வுடுவாங்க. கைல குடு. தூக்கிப் பாக்கட்டும். கை நோவட்டும். அப்பறம் பேசு."

அப்படித்தான் பிறந்தது. உன் அண்ணன் கழித்துப்போட்ட வலை, என் அப்பா கடையின் இரும்பு நட்டுகள். அடுத்த வருடக் கருத்தரங்கின் வாசலில் வருகிறவர்களிடம் எங்கிருந்து வந்தீர்கள், எதில் வந்தீர்கள் என்று கேட்போம். அதற்கு ஏற்ற எடையில் ஒரு துணிப்பை. திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் பையில் ஒரே ஒரு நட்டு. மதுரையிலிருந்து ரயிலில் வந்தால் ஒரு பிடி. விமானத்தில் வந்தால் ஒரு கையால் தூக்க முடியாது. ஒவ்வொருவரும் தன் பையை எடுத்துப் போய் வலையில் தன் பெயர்ச்சீட்டு இருக்கும் கண்ணியில் கட்ட வேண்டும். கருத்தரங்கக் கூடத்தின் ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து மறு ஜன்னல் கம்பிவரை வலை தொங்கும். எங்கே கனக்கிறதோ அங்கே இறங்கும். வலை என்பதால் ஒருவர் கனம் பக்கத்தில் இருப்பவரையும் கூடவே இழுக்கும். இந்தக் கடைசி விஷயம் உனக்குத்தான் முதலில் தோன்றியது. எனக்குத் தனித்தனிக் கயிறே போதுமாக இருந்தது.

பதிவுப் பட்டியலைப் பார்த்து எடைகளை நான்தான் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அப்பா கடையில் உட்கார்ந்து பைகளைக் கட்டினார். அன்று காலை சீக்கிரமே வந்து, சரியாக விழுகிறதா என்று பார்க்க எல்லாப் பைகளையும் நாமே ஒருமுறை கட்டிப் பார்த்தோம். எனக்குத் தலை சுற்றியது. அந்த வருடமும் சிறப்பு விருந்தினராக வரவிருந்த டெல்லிக்காரர் பக்கம் ஓரளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் உள்ளூர்க்காரர்கள் பக்கமும் தொப்பை போட்டுத் தொங்கியது. எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் எல்லாம் ஏதோ பாதி வழி பறந்து வந்தவர்கள் போல. நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ ஒரு சின்னப் பையை அவிழ்த்துக் கவிழ்த்தாய். ஒரு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஆமா, நான்தான் போட்டேன். படிச்சவங்கல்லாம் வாராவ, ஒத்த நட்டப் பையில போட்டுக் குடுத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாவ? பெரிய பையெல்லாம் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. சின்னதுல எல்லாம் ஒரு கை கொசுறு போட்டுட்டேன்."

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்து, கொசுறு போட்டே வாடிக்கையைச் சேர்த்த மனிதர். வெறுங்கையாக ஒருவரை அனுப்ப அவருக்கு மனம் வராது. நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானோ முதல்வர் வந்துவிடுவாரே, விருந்தினர் கார் வந்துவிடுமே என்று வாசலுக்கும் வலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டிருந்த நீ பாதியில் நிறுத்தினாய்.

"ஏய், இதாண்டி நெசம். பறக்காதவன் தலைலதான் கொசுறு வுழுது."

இருவருமாகச் சின்னப் பைகளை எல்லாம் அவிழ்த்து அதிகப்படியை ஒரு வாளியில் கொட்டினோம். வாளி நிரம்பியது. நான் அதை மேசைக்கு அடியில் தள்ளப் போனேன். நீ விடவில்லை. அதை ஒரு சாக்கில் போட்டு, யார் பெயரும் எழுதாத ஓர் ஓரக் கண்ணியில் கட்டினாய். அந்த ஓரம் தரையைத் தொட்டது.

அன்று நடந்ததை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். சிறப்பு விருந்தினர் தன் பையைத் தூக்கியதும் முகம் சிவந்தது. "இதைத் திரையிலேயே பேசியிருக்கலாம் போல" என்று சிரித்து வைத்தார். நல்ல மனிதர்தான். "வந்ததே நல்லது சார், வராட்டி இத்தத் தூக்கியிருக்க மாட்டீங்க" என்றாய் நீ. முதல்வர் என்னை முறைத்தார், உன்னை முறைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு விருந்தினர் அந்தப் பெயரில்லாத சாக்கைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார்.

"இந்த ஏசி, லைட்டு, சாப்பாடு, பிளெக்ஸு, அல்லாம் சார். என்னுதுன்னு யாரும் சொல்லல. அதான் எங்க ஊர்ப் பக்கமா கட்டிகீறோம்."

 அதன் பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது, அதுவும் உண்மையான பேச்சு. ஒருவர் வருடத்துக்கு ஒரு விமானம் போதும் என்றார். இன்னொருவர் பாதிப் பேர் திரையில் வரலாம் என்றார். எழுந்து வலையருகே போய்ப் பைகளை இடம் மாற்றி, இப்படி வைத்தால் எப்படி இறங்குகிறது பாருங்கள் என்று வாதாடினார்கள். நாற்காலியில் சாய்ந்து தூங்க யாருக்கும் நேரமில்லை. நான் உன்னைப் பார்த்தேன். நீ புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மீன் ஏலம் எடுப்பவள் போல நடுவில் நின்றாய்.

அப்போதுதான் செல்வி எழுந்தாள். கௌரவ விரிவுரையாளர், வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து வருகிறவள். உன் இறால் ஆராய்ச்சியில் பாதி வேலை அவளுடையது. ஆனால் கருத்தரங்குக்கு வெளியூர் அனுப்புவது என்று வந்தால் நிரந்தர வேலையில் இருக்கிற நம்மைப் போன்றவர்களைத்தான் அனுப்புவார்கள். அவள் தன் ஒற்றை நட்டுப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாரும் கொறைக்கணும்னு பேசறீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மேடம். மொதல்ல யார் பேர அடிப்பீங்க?"

முதல்வர் எல்லாரையும் சாப்பிட எழுப்பினார். நீ அவள் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று மாலை எண்ணூர் விரைவுச் சாலை ஓரக் கடையில் நாம் தேநீர் குடித்தோம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எல்லாரும் பாராட்டினார்களே என்று நான் குதித்துக்கொண்டிருக்க, நீ மட்டும் செல்வி கேட்டதையே பிடித்துக்கொண்டாய். "ஏறி வந்தவங்கல்லாம் எறங்கச் சொல்றாங்க. ஏறாதவ இன்னா பண்றது?" என்றாய். அது செல்விக்கு மட்டும் அல்ல என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. நான் நான்கைந்து தடவை பறந்திருக்கிறேன். நீ ஒரு தடவைகூட இல்லை. சொந்த ஊரின் இறாலை ஆராய்கிறவளை எதற்கு வெளியே அனுப்புவது என்று நிர்வாகம் கேட்கும். நீ கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "எனக்கு ஒரே ஒரு தபா பிளைட்ல ஏறணும்டி. ஜன்னலாண்ட நான், நடுவுல நீ. மேலருந்து நம்ம கடல் எப்படிக் கீதுன்னு பாக்கணும். அப்பறம் எவ்ளோ பெரிய மூட்ட வேணா குடு, தூக்கறேன்."

அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய். விசாரிக்க போலீஸ்காரர் வந்து போனதும் தெரு முழுக்க, "டீச்சர் வூட்டுக்கு போலீஸ் வந்துச்சாமே, இன்னா கேசு?" என்று பேச்சு. நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பாஸ்போர்ட் வந்தது. மழைக்காலமும் வந்தது. வெறும் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வகுப்பெடுத்தாய். டெங்கு என்று தெரிந்தபோது ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஆஸ்பத்திரியில் உன் அண்ணி கையில் உன் மூக்குக்கண்ணாடி இருந்தது. நான் வராந்தாவில் நின்றுகொண்டு, நம் முதல்வருக்கு விடுப்புக் கடிதம் கொடுத்தாகிவிட்டதா என்பதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பற்றிக் கவலைப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இந்தப் பதில் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. அவளுக்காகவாவது போ என்கிறாள் உன் அண்ணி. போகாதே, எழுதியவளே மீறலாமா என்கிறது என் மனசாட்சி. இதில் பயம் எது, கொள்கை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நேற்று மாலை அப்பா கடைக்குப் போய், இந்தப் பயணத்துக்கான எடையைச் சொல்லி நட்டு போடச் சொன்னேன். சும்மா, தூக்கிப் பார்க்கலாம் என்று. அப்பா சாக்கை விரித்துக்கொண்டே, "யாருக்கும்மா இம்புட்டு?" என்றார்.

"எனக்குத்தான்ப்பா."

தராசு முள் நின்ற பிறகும் பழக்கத்தில் அவர் கை இன்னொரு பிடி அள்ளியது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நட்டுகளைத் திரும்பப் போட்டார். சாக்கை நான் தூக்க முயன்றேன். கடை வாசல் படிவரைகூடப் போக முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தோள் வலித்தது, ஆனால் வலியைவிட வெட்கம்தான் அதிகம். இதற்கு முன் போன நான்கைந்து பயணத்துக்கும் நான் ஒரு கைப்பை மட்டும்தான் தூக்கியிருக்கிறேன்.

இதுவரை எழுதியது மதியத்துக்கு முன். பிறகு வலையைப் படம் பிடிக்கச் செல்வியைக் கூப்பிட்டேன். இருவருமாக அதை ஜன்னலில் கட்டினோம். படம் எடுத்து முடித்ததும், அவளிடம் கேட்கலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து மென்றுகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "செல்வி, உன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

அவள் வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "இருக்கு மேடம். எட்த்து ரொம்ப வருசமாச்சு. யார்னா கூட்டினு போவாங்கன்னு எட்த்தேன். இன்னும் கொஞ்ச நாள்ல அதுக்கே வயசாயிடும்."

எனக்குப் பதிலாக அவள் போகிறாளா என்று கேட்டேன், நான் இங்கிருந்து திரையில் பேசுவதாகச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் முகம் இறுகிவிட்டது.

"பாவம் பாத்து அனுப்பறீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப? அவங்க போயிட்டாங்க, எடம் காலியா கீது, அதுல என்னக் குந்த வெக்கறீங்களா?"

உன் குரலே மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னேன். அன்று அவள் கூட்டத்தில் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை, நம் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் முடிகிறது, அதில் அவள் உழைப்பும் இருக்கிறது, அங்கே யார் எது கேட்டாலும் என்னைவிட அவள் நன்றாகப் பதில் சொல்வாள் என்றேன். எனக்குப் போகப் பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் வலைக்கண்ணியை விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வூட்ல சொல்லிட்டு வர்றேன்" என்று போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, "போறேன் மேடம். ஆனா பேப்பர்ல என் பேரும் வரணும். தேங்க்ஸ் சொல்ற எடத்துல இல்ல, மேல" என்றாள்.

மூன்று பெயராக மாற்றி எழுதினேன். முதலில் உன்னுடையது. மடலின் கடைசியில் எனக்குத் தோன்றிய ஒரு வரியையும் சேர்த்தேன்: எங்கள் சார்பில் வருபவருக்கு இது முதல் பயணம், ஆகவே இதன் எடையை நீங்கள் கட்டும் வலையில் என் பெயரில் கட்டவும். எழுதி முடித்ததும் மனம் லேசானது. நான்கைந்து தடவை பறந்தவள் நான், ஒருமுறை பறக்கிறவளின் சுமையையாவது ஏற்கிறேன் என்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது. பெருமையோடு செல்வியிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இந்த வரி வேணாம் மேடம்."

"ஏம்மா?"

"இத்தினி வருசமா ஒத்த நட்டுதான் கட்டிகினு இருந்தேன். இப்பதான் மொத தபா எனக்குன்னு ஒரு மூட்ட வருது. அதையும் நீங்களே தூக்கினீங்கன்னா நான் போனதுக்கு இன்னா அடையாளம்?"

அந்த வரியை அழித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பியும் விட்டேன்.

இப்போது துறை அறையில் நான் மட்டும் இருக்கிறேன். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. நேர்காணலில் என்ன கேட்பார்களோ, செல்வியை விசா அலுவலகத்தில் எப்படி நடத்துவார்களோ, அங்கே குளிர் தாங்குவாளோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. என்னைத் தெரியுமே உனக்கு. ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் போகாததற்குக் காரணம் புகையா, செல்வியின் கேள்வியா, அல்லது ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்க நான் நடுவில் உட்கார்ந்து வர முடியாது என்பதா? எவ்வளவு யோசித்தும் எனக்கே பிடிபடவில்லை. அதற்கு எடை போட என்னிடம் நட்டு இல்லை. எந்த வலையிலும் அதைக் கட்ட முடியாது. அதை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.